லீவர் ரைஃபிள்: ஒரு திருகாணி தீர்த்துவைத்த தேர்வு

இரண்டு வேட்டைப் பருவங்களாக நான் பயன்படுத்திவரும் மார்லின் 336 கிளாசிக் லீவர் ரைஃபிளை, அதாவது விசைக்கு அடியில் உள்ள லீவரைக் கீழிறக்கி மேலேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியைப் பற்றியது இந்த மதிப்புரை. .30-30 தோட்டாவுக்கானது, குழல் 20 அங்குலத்தைச் சற்றே தாண்டும், குழாய் மகசினில் 6 தோட்டாக்கள் கொள்ளும், எடை ஏழரை பவுண்டு. மான் வேட்டைக்கு இனி இன்னொரு துப்பாக்கி வாங்குவதில்லை என்ற முடிவோடு, புதிதாகவே வாங்கினேன். அந்த முடிவை எடுத்ததும், நல்ல ரைஃபிள் எது என்ற கேள்வி, முப்பது ஆண்டுகள் கழித்தும் என் கையாலேயே பிரித்துத் துடைத்துப் பூட்டக்கூடியது எது என்று மாறிவிட்டது. இரண்டு கேள்விகளுக்கும் விடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இப்படி யோசிக்க வைத்தது முன்பு என்னிடம் இருந்த ஒரு லீவர் ரைஃபிள். அதைச் செய்த நிறுவனம் எது என்பது இங்கே தேவையில்லை. பார்க்க அழகானது, சுடுவதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முளையும் திருகாணியுமாகப் பல உறுப்புகளைக் கழற்றியாக வேண்டும் என்பதால், மழையில் நனைந்து வந்த நாள்களில்கூடக் குழல் வாய் வழியாகக் கம்பியை விட்டுத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். நான்காம் ஆண்டில் லீவர் இறுகத் தொடங்கியது. பழுது பார்ப்பவர் அதைப் பிரித்து மேசைமேல் பரப்பியபோது, எண்ணெயும் வெடிமருந்துக் கரியும் சருகுத் தூளும் சேர்ந்து களிம்பாக உறைந்திருந்தன. களிம்பை வழித்தால் அடியில் துரு. தவறு பாதி என்னுடையது. மீதி, பிரிக்கவே மனம் வராதபடி அமைந்த அந்த உள்ளமைப்பினுடையது.

லீவர் ரைஃபிள் வாங்கப் போகிறவர் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார், ஏனெனில் இந்தத் துறையில் பெயர் அப்படியே நிற்கும், செய்பவர் மாறிக்கொண்டிருப்பார். மார்லின் நிறுவனத்தை 2007-இல் ரெமிங்டன் வாங்கியது. அதன்பின் கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில் இருந்த ஆலை மூடப்பட்டு, உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு மாறியது. பழைய தொழிலாளர்களின் கைப்பழக்கம் கூடவே போகவில்லை என்பதால், அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் மரமும் உலோகமும் பொருந்தவில்லை, முன்குறி கோணியிருக்கிறது என்ற புகார்கள் பெருகின. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது மார்லினை ரூகர் வாங்கி, வட கரோலினாவின் மேயோடனில் மீண்டும் செய்யத் தொடங்கியது. முதல் ரைஃபிள்கள் 2021 டிசம்பரில் வெளிவந்தன. ஆகவே 336 என்ற ஒரே பெயரில் மூன்று தலைமுறைப் பொருள்கள் இன்று கைமாறிக்கொண்டிருக்கின்றன. போல்ட் அமர்ந்திருக்கும் உடற்பகுதியான ரிசீவரை ஒட்டிக் குழலில் ஜேஎம் முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் நார்த் ஹேவன் காலத்தது. வரிசை எண் ஆர்எம் என்று தொடங்கினால் ரூகர் செய்தது. ரூகர் தான் செய்தவற்றுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது என்பதைப் பழைய துப்பாக்கியை மலிவாகப் பிடிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

உண்மையில் நான் முதலில் ஆசைப்பட்டது வின்செஸ்டர் 94 மீதுதான். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த அந்தத் துப்பாக்கி 70 லட்சத்துக்கு மேல் விற்றது; .30-30 தோட்டாவே 1895-இல் அதற்காக வந்ததுதான். 2006-இல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டு, இன்று ஜப்பானின் மிரோக்கு நிறுவனம் செய்கிறது. மரமும் உலோகமும் சேரும் கோட்டில் நகம் நுழைய இடமில்லை, அவ்வளவு நேர்த்தி. ரிசீவர் தட்டையாகவும் மெலிதாகவும் இருப்பதால், ஒரு கையில் நடுவில் பிடித்து நாளெல்லாம் நடக்க இதைவிடச் சிறந்த துப்பாக்கி இல்லை என்பது என் எண்ணம். ஆனால் லீவரைத் திறக்கும்போது ரிசீவரின் அடிப்பகுதியே தாழ்ந்து வருவதைப் பார்த்தால், சருகும் மணலும் உள்ளே போக எத்தனை வழி என்பது புரியும். போல்ட்டை எடுப்பது ஐந்து நிமிட வேலை அன்று. ஆகையால் பெரும்பாலோர் குழல் வாய் வழியாகவே துடைப்பார்கள், குறி தவறாமையைத் தீர்மானிக்கும் அந்த விளிம்பைக் கம்பி ஆண்டுக்கணக்கில் உரசும். கடைக்காரர் கையிலிருந்து அதை வாங்கி இரண்டு முறை தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, மனமில்லாமல்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஹென்றி நிறுவனத்தின் .30-30 எஃகு மாதிரியையும் பார்த்தேன். 1860-இல் லீவர் ரைஃபிளுக்குக் காப்புரிமை பெற்ற பெஞ்சமின் டைலர் ஹென்றியின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இது 1996-இல் தொடங்கிய தனி நிறுவனம். லீவர் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடும். தனியாகத் தள்ளி விடும் பாதுகாப்புப் பொத்தான் எதுவும் கிடையாது. விசையை முழுவதும் இழுத்தால் மட்டுமே சுத்தியலின் அடியைத் தோட்டாவைக் குத்தும் ஊசிக்குக் கடத்தும் ஓர் உள்தகடு அந்த வேலையைச் செய்கிறது. மகசினின் உட்குழாயை உருவித் தோட்டாக்களைக் கொட்டிவிடலாம் என்பது பெரிய வசதி. தோட்டா நிரப்ப ரிசீவரில் பக்கக் கதவு இல்லாத மாதிரிகளில் அந்த வழியாகவே நிரப்ப வேண்டியிருப்பதும், அப்போது கை குழல் வாய்க்கு அருகில் போவதும் எனக்கு ஒப்பவில்லை. பக்கக் கதவோடு வரும் புதிய மாதிரிகளில் இந்தக் குறை இல்லை. முதல் முறையாக லீவர் ரைஃபிள் வாங்குகிறவருக்கு ஹென்றியைச் சொல்ல நான் தயங்க மாட்டேன்.

பெட்டி மகசினோடு .308 போன்ற கூர்முனைத் தோட்டாக்களைச் சுடும் பிரௌனிங் பிஎல்ஆர் வகையை நீளமாக ஆராயவில்லை. பற்சக்கரத்தால் போல்ட்டை நகர்த்தும் அதன் உள்ளமைப்பை வீட்டில் பிரித்தால் பற்களை மறுபடி ஒழுங்காகக் கோக்கத் திறமை வேண்டும் என்ற ஒன்றே என் நிபந்தனைக்கு எதிராகப் போதுமானதாக இருந்தது.

இனி 336. 1948-இல் வந்த வடிவம். உருளையான போல்ட், மேலே மூடிய ரிசீவர், காலித் தோட்டா பக்கவாட்டில் வெளியேறும். துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின், லீவரைப் பாதி திறந்து, அதன் மூட்டில் இருக்கும் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும். போல்ட்டைப் பின்னால் இழுத்தால் அதுவும் வரும். காலித் தோட்டாவைத் தள்ளிவிடும் எஜெக்டர் என்ற சிறு தகடு உள்ளே தளர்ந்து நிற்கும். அதையும் எடுத்து வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். குழலின் பின்பக்கம் முழுவதும் திறந்து கிடக்கிறது. ஜன்னலைப் பார்த்துப் பிடித்தால் உள்வரிகள் வாய்வரை சுழன்று போவது தெரியும். துடைப்புக் கம்பியைத் தோட்டா அறையிலிருந்தே விடலாம். முதல் முறை பிரித்தபோது அந்த எஜெக்டரை மறந்து துப்பாக்கியைக் கவிழ்த்துவிட்டேன். அது மேசையில் பட்டுத் தெறித்து அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டார்ச்சோடு அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். இப்போது கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். பூட்டும்போது எஜெக்டரின் சிறு முளை ரிசீவரின் துளையில் அமர்ந்த பிறகே போல்ட்டைத் தள்ள வேண்டும். லீவரின் நுனி போல்ட்டின் பள்ளத்தில் விழுந்ததும் திருகாணித் துளைகள் தாமாகவே நேராகும். பழகிய பின் பிரிக்கவும் பூட்டவும் பத்து நிமிடம் ஆவதில்லை.

திருப்புளி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு போல் சரிந்திருப்பதால் திருகாணியின் வெட்டில் முழுதாக அமராமல் நழுவி விளிம்பைக் கிழித்துவிடும். துப்பாக்கிக்கென்றே இணையான பக்கங்களோடு செய்யப்பட்டவற்றில் சரியான அகலமுள்ள ஒன்றை வாங்கினால் போதும். லீவர் ரைஃபிளில் மகசின் குழாயையும் முன்கட்டையையும் பிடித்திருக்கும் சிறு திருகாணிகள் பின்னுதைப்பில் மெல்லத் தளரும் என்பதால், அவற்றை அவ்வப்போது பார்ப்பதும் இந்த வகைத் துப்பாக்கியோடு ஒட்டிப் பிறந்த வேலை.

தோட்டாவைத் தேர்வதில் நான் அதிகம் குழம்பவில்லை. 170 கிரெயின் எடையுள்ள தட்டைமூக்கு ரவை, அதாவது தோட்டாவிலிருந்து பாயும் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் கிளம்பும். 150 கெஜம் வரை வெள்ளைவால் மானுக்கு இது தாராளம். அடர்ந்த காட்டில் அதற்கு அப்பால் எதையும் பார்ப்பதே அரிது. 100 கெஜத்தில் குறியைச் சரிசெய்தால் 200 கெஜத்தில் ஏறத்தாழ 8, 9 அங்குலம் தாழும் என்பதால், அந்தத் தொலைவை வழக்கமாகச் சுடுகிறவர் வேறு துப்பாக்கியை நாடுவதே நல்லது. கூர்முனை ரவையைப் போட்டு இந்தத் தாழ்வைக் குறைக்க ஒருபோதும் முயலக் கூடாது: குழாய் மகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ளதன் பிரைமரை, அதாவது அடிபட்டால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும், பின்னுதைப்பில் அந்த முனை பிரைமரைக் குத்தினால் மகசினே கையில் வெடிக்கும். இதற்காகவே ஹார்னடி நிறுவனம் வளையும் தன்மையுள்ள பாலிமர் முனையோடு 160 கிரெயின் ரவையைக் கொண்டுவந்தது. அது 2,400 அடி வேகத்தில் போகும், பாதையும் சற்று நேராக இருக்கும். .30-30 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு; .308-க்கு 62,000. அழுத்தம் குறைவு என்பதால், ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது சுடுகிற வேட்டைக்காரரின் ஆயுளில் இந்தக் குழல் தேயாது. அமெரிக்க மாநிலங்கள் சில மான் வேட்டைக்கு, உறை கழுத்தில் குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டாக்களை மட்டும் அனுமதிக்கின்றன. அங்கே கழுத்துக் குறுகிய .30-30 செல்லாது. .45-70 அல்லது .44 மேக்னம் எடுக்கலாம்; .30-30-இன் உறையையே நேர்ச்சுவராக்கி ரெமிங்டன் 2023-இல் வெளியிட்ட .360 பக்ஹேமரும் உண்டு. இவற்றில் .45-70-இன் வீரியமான தோட்டாக்கள் தோளைப் பதம் பார்க்கும் என்பதையும், அடிக்கடி பயிற்சி எடுக்கத் தோன்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது விலைச்சீட்டைவிட முன்குறிக்கு நேரம் கொடுப்பது நல்லது. பின்குறி வழியாக நோக்கினால் அது நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். பக்கக் கதவின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கலாம். கூராக இருந்தால் ஆறாவது தோட்டாவைத் தள்ளும்போது தோல் கிழியும். வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கேட்டு வாங்கி, லீவரை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் இயக்கிப் பார்க்காமல் நான் பணத்தை எடுப்பதில்லை. மெதுவாக ஓட்டும்போது தடுக்கும் துப்பாக்கி குளிரில் கண்டிப்பாகத் தடுக்கும்.

336-இல் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. ரிசீவரில் இருக்கும் குறுக்குப் பொத்தான் பாதுகாப்பை விடுவிக்க மறந்து விசையை இழுத்தால், சுத்தியல் டக்கென்று அதன்மேல் விழும், மான் ஓடிவிடும். பழைய ஆட்கள் இதைப் பாதுகாப்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை, சுத்தியலைப் பாதி ஏற்றி நிறுத்தும் அரைநிலையையே நம்புவார்கள். நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன். ஏற்றிய சுத்தியலைக் கட்டைவிரலால் இறக்கும் அந்த நொடிதான் எந்த லீவர் ரைஃபிளிலும் ஆபத்தானது, கையுறை அணிந்திருந்தால் இன்னும் மோசம். அப்போது குழலைப் பாதுகாப்பான திசையில் வைப்பதைத் தவிர வேறு காவல் இல்லை. மகசினைக் காலி செய்ய ஒவ்வொரு தோட்டாவையும் அறைக்குள் ஏற்றி இறக்க வேண்டியிருப்பதும் குறையே. இதில் ஹென்றியின் உருவும் குழாய் தெளிவாக முந்துகிறது. பிறகு விலை: ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது, ஒரு காலத்தில் ஏழையின் மான் துப்பாக்கி என்று சொல்லப்பட்ட வகைக்கு இது சற்று அதிகம்தான்.

கூடவே வரும் பின்குறியின் இரு கொம்புகளும் அந்தி வெளிச்சத்தில் பாதி மானை மறைத்துவிடுகின்றன. அடுத்த பருவத்துக்கு முன் அதை மட்டும் எடுத்துவிட்டு, ரிசீவரின் மேல் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் வட்டத்துளைக் குறி ஒன்றைப் பொருத்தப் போகிறேன். துடைப்புப் பெட்டியில் உதிரி எஜெக்டர் ஒன்றும் லீவர் திருகாணி ஒன்றும் இப்போதே கிடக்கின்றன.