அரவேனு தாண்டி ஒரு மெக்கானிக் கடை: நன்றி சொல்லத் திரும்பிப் போனேன்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் அரவேனு தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை, வாசலில் நாலைந்து பழைய டயர். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

போன மாதம் ஊட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அம்மாவைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து கோத்தகிரி வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அவ்வளவு இறக்கத்திலும் பெரிய கியரிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். திடீரென்று பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, கூடவே ஏதோ கருகுகிற வாடை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து எப்படியோ ஓரம் கட்டிவிட்டேன். கை நடுங்குவது நிற்கவே இல்லை.

எதிரே இருந்த கொட்டகையிலிருந்து ஒருவர் ஓடிவந்து முதலில் டயருக்கு முன்னால் கல் வைத்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனதும், "தம்பி, சக்கரத்துல தண்ணி ஊத்திராதீங்க, டிஸ்க் விரிசல் விட்டுரும், தானா ஆறட்டும்" என்றார். கடையில் இருந்த ஒரே நாற்காலியை அம்மாவுக்குப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார், கடுங்காபி நிறம். வேறொரு இடத்தில் சர்வீஸ் விட்டபோது ஆயில் மாற்றியாச்சு என்று சொல்லியிருந்தார்கள். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்கிற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி, பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது.

உதவிக்கு இருந்த பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இவர் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, "மிதி... பிடி... விடு" என்று சொல்லிச் சொல்லி, ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினார். மெல்லிய டியூப் வழியாகப் பழைய ஆயில் பாட்டிலில் இறங்க, நடுநடுவே குமிழிகள். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஆயிலும் கூலியும் சேர்த்து 700 ரூபாய்தான் வாங்கினார்.

என் முகத்தில் பயம் தெரிந்திருக்க வேண்டும். தானாகவே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். "எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, வண்டியே வண்டியப் பிடிக்கும்" என்று சொல்லி, இரண்டு வளைவு கூடவே வந்து சரி பார்த்தார், அப்புறம் எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். பஸ்ஸுக்குக் கொடுத்த காசைக்கூட வாங்கவில்லை. அவசரத்தில் நான் சொன்னதெல்லாம் ஒரு "தேங்க்ஸ்ங்கண்ணா".

அது எனக்குப் போதவில்லை. நம் வீடுகளில் நன்றி என்ற வார்த்தையை யார் அதிகம் சொல்கிறோம், "நல்லா இருப்பீங்க", "வயித்துல பாலை வார்த்தீங்க" என்றுதானே சொல்வோம். அம்மா அதையாவது அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் மூன்று வாரம் கழித்து, அம்மா சுட்ட முறுக்கை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அதற்காகவே போனேன். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரி குஞ்சப்பனை வரைக்கும் ரெண்டாவது கியர்தான், பிரேக் சூடே ஆகல, அம்மா பின்னாடி தூங்கியே போயிட்டாங்க" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டித் துணியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அன்னைக்கு ராத்திரி நெனச்சேன் தம்பி, போய்ச் சேர்ந்திருப்பாங்களான்னு. இங்க வண்டி சரியானா எல்லாரும் கெளம்பிருவாங்க, எறங்குனாங்களா இல்லையான்னு நமக்குத் தெரியவே தெரியாது."

புது மாடல் வண்டிகளுக்கு எல்லா உதிரி பாகமும் அங்கே கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இல்லை. அவரிடம் வண்டியைச் சரி செய்துகொண்டவர்கள் அடுத்த முறை மேலே போகும்போது, நல்லபடியாக இறங்கியதை ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போங்கள்.