ஹிமாலயன் 411: டயர் ஹக்கரா, ரப்பர் மறைப்பா?

ஜூலை மாதம் வால்பாறை போய்த் திரும்பிய வண்டியில் எது சேறு, எது ஷாக் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் மோனோஷாக்கும் (பின்பக்கத்து ஒற்றை ஷாக் அப்சார்பர்) அதைத் தாங்கும் இணைப்புத் தண்டுகளான லிங்கேஜும் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. கம்பெனி கொடுத்திருக்கும் மறைப்பு மழைக்கால மலைச் சாலைக்குப் போதாது. அதனால்தான் வெளியில் விற்கும் பின் மட்கார்டுகளைத் தேட ஆரம்பித்தேன். நான்கு வருடத்தில் மூன்று வகை போட்டுப் பார்த்துவிட்டேன்: வாலில் நீட்டும் ஃப்ளாப், ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைப் பிடித்து அதோடு ஏறி இறங்கும் கை) உட்கார்ந்து டயரை ஒட்டி மூடும் டயர் ஹக்கர், ஷாக்குக்கும் டயருக்கும் நடுவே தொங்கும் ரப்பர் ஷீட். ஷாக்கை மறைக்க இப்போது வண்டியில் இருப்பது கடைசியாகச் சொன்னது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். வண்டி ஓடும்போது டயரின் மேல்பக்கம் முன்னோக்கிப் போகிறது, பின்பக்கம் மேல்நோக்கி ஏறுகிறது. மேலே கழன்று பறக்கும் சேறு ஷாக்கில் அடிக்கும். பின்னால் கழன்று பறப்பது முதுகிலும் பையிலும் அடிக்கும். ஆக, ஷாக்குக்கு வேண்டியது வேறு, முதுகுக்கு வேண்டியது வேறு. குட்டையான ஹக்கரை மாட்டிவிட்டு "முதுகு இன்னும் நனைகிறதே" என்று புலம்புகிறவர்கள் தப்பான பொருளை வாங்கியவர்கள்.

வால் ஃப்ளாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம்பர் பிளேட் போல்ட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை. பின்னால் வண்டியில் வருகிற நண்பர் மேல் சேறு தெறிக்காது, மனதார வாழ்த்துவார். ஆனால் நீளமான பிளாஸ்டிக் வாலின் நுனியில் எடை தொங்குவதால் மேடு பள்ளத்தில் ஆடிக்கொண்டே இருக்கும், நாளடைவில் போல்ட் துளையைச் சுற்றி மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும். எனக்கு விழுந்தது. உள்ளே ஒரு அலுமினியப் பட்டை வைத்து இறுக்கிய பிறகு பிரச்சினை இல்லை. இன்னும் அதைக் கழற்றவில்லை.

உண்மையான போட்டி ஹக்கருக்கும் ரப்பருக்கும்தான்.

பார்வைக்கு ஹக்கர் ஜெயித்துவிடும், அதில் வாதமே கிடையாது. வண்டி முடிந்த வேலை மாதிரி தெரியும். ஸ்விங்ஆர்மிலேயே உட்காருவதால் 180 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினாலும் டயரோடு சேர்ந்தே ஏறி இறங்கும், இடைவெளி மாறாது. கடையிலும் இதைத்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். சொன்னது பொய்யில்லை. பாதி உண்மை.

மாட்டும்போதே சின்னச் சின்ன இம்சைகள் தொடங்கின. மூன்று துளையில் இரண்டு பொருந்தின, மூன்றாவது இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. மெக்கானிக் அண்ணன் அரத்தை எடுத்து ராவி முட்டை வடிவமாக்கினார், பெரிய வாஷர் போட்டு மூடினார். பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பின் போல்ட்டிலேயே ஹக்கரின் காதும் மாட்டும்படி வடிவமைத்திருந்தார்கள். நடுவே ஒரு தகடு கூடிவிட்டதால் பழைய போல்ட் மூன்று மரைதான் பிடித்தது. ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடிய போல்ட் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஏபிஎஸ் சென்சார் வயர் டிஸ்க் பக்கம் பிதுங்கி நின்றதைக் கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினோம்.

இன்னொன்று, கழன்றுவிடக் கூடாதே என்று போல்ட்டில் லாக்டைட் (மரையைப் பிடித்துவைக்கும் பசை) விடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் (பிரேக் ஏபிஎஸ் இல்லை, இது ஒரு பிளாஸ்டிக் வகை) அது பட்டால் அந்த இடம் வெடித்துப்போகும். பிளாஸ்டிக் வருகிற இடத்தில் நைலான் நட் போடுங்கள், ரப்பர் குரோமெட் வையுங்கள். ஃபைபர் கிளாஸ் ஹக்கருக்கு லாக்டைட் தொல்லை குறைவு, ஆனால் இறுக்கம் கொஞ்சம் கூடினாலும் துளையைச் சுற்றி நட்சத்திர விரிசல் விடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். நான் ஹக்கரைக் கழற்றியதற்குக் காரணம் வேறு: பின்சக்கரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

செயின் தேயத் தேய நீளும். நீள்வதைச் சரிக்கட்ட அட்ஜஸ்டரைத் திருகிச் சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கண்ணிக்கு 15.875 மில்லிமீட்டர், 110 கண்ணி என்று வைத்துக்கொண்டால் செயின் சுமார் 1746 மில்லிமீட்டர். ஒரு சதவீதம் நீண்டால் பதினேழு மில்லிமீட்டருக்கு மேல். செயின் மேலும் கீழுமாக இரண்டு ஓட்டம் ஓடுவதால் சக்கரம் அதில் பாதி, கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர் பின்னால் போயிருக்கும். நான் ஹக்கர் மாட்டியது பழைய செயின் ஆயுள் முடிகிற நேரத்தில். டயருக்கும் ஹக்கருக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது, விரலை விட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டேன். இரண்டு மாதம் கழித்துச் செயின் செட் மாற்றினேன். புதுச் செயின் குட்டை, ஆகவே சக்கரம் அந்த ஒன்பது மில்லிமீட்டரும் முன்னால் வந்துவிட்டது.

பொள்ளாச்சி தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தேன், மேலே விரல் தாராளமாகப் போகிறது. எதுவும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. ஹக்கரின் முன்பகுதி, ஸ்விங்ஆர்மின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே உள்ள வளைவு, உள்பக்கம் உப்புத்தாள் போட்ட மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது. சக்கரம் முன்னால் நகர்ந்தால் டயர் உச்சியில் இடைவெளி அவ்வளவாக மாறாது. முன்னால்தான் முழுசாகக் குறையும். நாமோ கண்ணுக்குத் தெரிகிற உச்சியில் விரலை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

டயர் மாற்றினாலும் இதே கதைதான். கம்பெனி அளவு 120/90-17. அதற்குப் பதில் 140/80-17 போட்டால் கணக்குப்படி ஆரம் நான்கு மில்லிமீட்டர், அகலம் இருபது மில்லிமீட்டர் கூடும். கட்டை வைத்த ஆஃப்ரோடு டயர் என்றால் இன்னும் கொஞ்சம் உயரும். எஸ்டேட் பாதையின் செம்மண் அந்த இடுக்கில் அப்பிக்கொண்டால் சக்கரம் பிரேக் பிடித்த மாதிரி முனகும்.

பஞ்சர் ஆனபோது இதே விஷயம் மறுபடி உதைத்தது. 411-இல் ட்யூப் டயர், அதனால் பஞ்சர் என்றாலே சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். ஆக்சிலைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினைப் பல்சக்கரத்திலிருந்து உருவ வேண்டும். முன்னால் தள்ளத்தான் இடமில்லையே! ஆழியாறுக்குக் கீழே ஒரு பஞ்சர் கடைக்காரர் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "ஏனுங்க தம்பி, மொதல்ல இந்தச் சட்டியக் கழட்டித் தாங்க, அப்புறம் டயரைப் பாக்கலாம்" என்றார். சட்டியின் உள்பக்க போல்ட்டுக்கு அலென் கீ நுழைய டயர் வழிவிடவில்லை. காற்று இறங்கிய டயர் என்பதால் பக்கவாட்டில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எப்படியோ திருகினோம். முக்கால் மணி நேர வேலை, பஞ்சர் ஒட்டியது தனி. காசு வாங்கும்போது அவர் சட்டியை ஒரு பார்வை பார்த்தார். திரும்ப மாட்டாமல் பையில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அதன் பிறகுதான் ரப்பர். லாரி பட்டறைப் பக்கம் விற்கும் மட்ஃப்ளாப் இதற்குத் தடிமன் அதிகம், வளையாது. மூன்று மில்லிமீட்டர் ஷீட் போதும். மேலே உள் மட்கார்டு பிளாஸ்டிக்கில் இரண்டு துளை போட்டு அகல வாஷரோடு போல்ட், கீழே ஸ்விங்ஆர்ம் குறுக்குச் சட்டத்தில் இரண்டு கேபிள் டை. ஹக்கருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. செயின் மாற்றினாலும் சக்கரம் முன்னால் வந்தாலும் இதற்குக் கவலையில்லை. பஞ்சர் கடையில் கீழே உள்ள டையை வெட்டினால் ஷீட்டை ஓரமாகச் சுருட்டி விட்டுவிடலாம். பையில் நாலு டை எப்போதும் கிடக்கும்.

இதிலும் கோளாறு உண்டு. மேல்முனை வண்டியோடு நிற்கிறது, கீழ்முனை ஸ்விங்ஆர்மோடு ஏறி இறங்குகிறது. இறுக்கிக் கட்டினால் கிழியும், தளர விட்டால் தொய்ந்து டயரில் உரசும். முதல் ஷீட்டை இறுக்கிக் கட்டி ஒரே மாதத்தில் துளையோரம் கிழித்தேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரம் தொங்கும் நிலையில் லேசான விறைப்போடு கட்ட வேண்டும். பிறகு ஒருவரை ஏற்றி உட்காரவைத்து, தொய்வு ஷாக் பக்கம் மடிகிறதா, டயர் பக்கம் மடிகிறதா என்று பார்க்க வேண்டும். டயர் பக்கம் மடிந்தால் நடுவில் இன்னொரு டை போட்டு உள்ளே இழுங்கள். மடிப்பில் சேறு சேரும், வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அழகு? வண்டிக்குக் கோவணம் கட்டின மாதிரிதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

என் அனுபவம் ஒரே வண்டியில், அதுவும் ட்யூப் டயரில். ஹிமாலயன் 450-இல் ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் எடுத்தவர்களுக்குப் பஞ்சர் வாதம் பாதிக்குப் பாதி விழுந்துவிடும். நடுரோட்டில் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிக்கொள்ளலாம். அவர்கள் ஹக்கர் பக்கம் போனால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் செயின் அவர்களுக்கும் நீளத்தான் போகிறது. அதனால் ஹக்கர் வாங்குகிறவர்கள் மாட்டும் நாளில் அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் முழுக்கத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளிவிட்டு, தரையில் படுத்து டார்ச் அடித்துக் குறுக்குச் சட்டத்துக்கு மேலே உள்ள வளைவில் அளந்து பாருங்கள். அங்கே பத்து மில்லிமீட்டர் இல்லையென்றால் அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், துளையை அரத்தால் ராவுவதற்கு முன்னால்.