சைனா, கொசைனா, டேனா: கோணத்தைக் கண்டுபிடிக்க எதை நம்பலாம்?

செங்கோண முக்கோணத்தில் தெரியாத கோணம் வேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிரேட் 10 பிள்ளைகளைக் கேட்டால் 'சோ-கா-டோவா' (SOH-CAH-TOA) என்ற நினைவுச் சொல்லை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். கோணத்தின் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள நீளமான பக்கம்) வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கொசைன், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். பரீட்சையில் எந்த இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்களோ அதற்குரிய விகிதத்தை எடுத்து, கால்குலேட்டரில் ஷிஃப்ட் அழுத்தி நேர்மாறு போட்டால், அதாவது விகிதத்திலிருந்து கோணத்துக்குத் திரும்பினால், விடை. அங்கே மூன்றும் ஒன்றுதான். நாமே டேப்பைப் பிடித்து அளக்கும்போது அப்படி இல்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் வாசலில், சக்கர நாற்காலி ஏறுவதற்கு ராம்ப் (சாய்தளம்) போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிப்படி சரிவு 12-க்கு 1 (தரையில் 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம்) என்பதைத் தாண்டக் கூடாது. வாசல் உயரம் 50 செ.மீ., தரையில் நீளம் 600 செ.மீ., சாய்வில் நீளம் ஏறக்குறைய 602 செ.மீ.

டேன் போட்டால் 50-ஐ 600-ஆல் வகுத்து 4.76 பாகை. 12-க்கு 1 என்ற எல்லையும் இதுவே. தரைநீளத்தை 601 என்று அளந்துவிட்டாலும் அதே 4.76. உயரத்தில் 1 செ.மீ. கூடினால்கூட 4.86தான். சைனும் ஏறக்குறைய இதே மாதிரி நிதானமாக நிற்கும்.

கொசைனைப் பாருங்கள். 600-ஐ 602-ஆல் வகுத்தால் 4.67 பாகை, சாய்வுநீளத்தை முழு எண்ணாக்கியதற்கே இவ்வளவு விலகல். டேப் கொஞ்சம் தொய்ந்து 603 காட்டினால் 5.72. 601 காட்டினால் 3.31! ஒரு செ.மீ. பிசகுக்கு ஒரு பாகைக்கு மேல் ஓடிவிடுகிறது. விதிக்குள் இருக்கும் ராம்ப் விதியை மீறியதாகத் தெரியும். மீறியது சரியாக இருப்பதாகவும் தெரியும். இரண்டாவதுதான் ஆபத்து. கோணம் சிறியதாக இருக்கும்போது கர்ணமும் தரைநீளமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, விகிதம் 1-ஐ ஒட்டியே கிடக்கும். கொசைன் வளைவு அந்த இடத்தில் தட்டையாக இருப்பதால், விகிதத்தில் வரும் சின்ன மாற்றமும் கோணத்தில் பெரிதாகிவிடும்.

செங்குத்தான கோணத்தில் இதே நோய் சைனுக்கு வரும். 5 மீட்டர் ஏணி சுவரில் 4.85 மீட்டர் உயரத்தைத் தொட்டால் சைன்படி 75.9 பாகை, 4.86 என்றால் 76.4. ஏணியின் அடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து கொசைன் போடுங்கள்: 1.21 மீட்டருக்கு 76.0, 1.22-க்கு 75.9. இங்கே கொசைன்தான் கெட்டிக்காரர்.

என் தேர்வு எப்போதும் முதலில் டேன். கர்ணத்தை அளக்கவே வழியில்லாத இடங்கள் எத்தனை! டர்பனில் உள்ள மோசஸ் மபீதா மைதானத்தின் வளைவு 106 மீட்டர் உயரம். உச்சிக்கு நேர்கீழிருந்து 200 மீட்டர் தள்ளி நின்றால் ஏற்றக்கோணம் சுமார் 27.9 பாகை. உச்சி வரைக்கும் டேப் பிடிக்க யாரால் முடியும்?

அளவுப்படி வரைந்து பாகைமானி வைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. அரைப் பாகைக்கு மேல் நுணுக்கம் கிடைக்காது. ஆனால் கால்குலேட்டர் விடை அபத்தமாக இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், ராம்புக்கு நேர்மாறு போட்ட பிறகும் 0.083 என்று விடை வந்தால் கணக்கில் தப்பில்லை. கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறு கோண அலகில் நிற்கிறது. பாகைக்கு மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.