விண்டோஸ் 10 இஎஸ்யு: அப்பாவின் பழைய கணினிக்கு இன்னும் ஒரு வருடம்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப் 2016-ல் வாங்கியது. ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம். நடுவில் ஒரு எஸ்எஸ்டி மாற்றினேன், அதற்கப்புறம் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அப்பா தினமும் இரண்டு மணி நேரமாவது அதன் முன் உட்காருவார். பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்ப்பார், ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு மெயில் எழுதுவார், அப்புறம் மாட்டுங்காவிலிருந்து வரும் தெரிந்தவர்களுக்கு ஜாதகம் கணித்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அந்த ஜாதக மென்பொருளுக்கே பதினைந்து வயதாகிறது, அது இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று திரையில் அறிவிப்பு வர ஆரம்பித்ததும், சிபியுவைத் தூக்கிக்கொண்டு லாமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இது டப்பா ஆகிவிட்டது, பழைய சாமான் எடுக்கும் கபாடிக்காரனுக்குப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள்" என்று ஐம்பதாயிரத்துக்கு ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். ஆதரவு முடிந்தபிறகும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தரும் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட், சுருக்கமாக இஎஸ்யு, என்று ஒன்று இருக்கிறதாமே என்றேன், அது கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்று அடித்துச் சொன்னார். விண்டோஸ் 7 காலத்தில் அது உண்மைதான். 2020 ஜனவரியில் ஆதரவு நின்றபிறகு 2023 ஜனவரி வரை காசு கொடுத்த நிறுவனங்களுக்கு மட்டும் அப்டேட் போய்க்கொண்டிருந்தது, வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கு வீட்டுக் கணினிகளையும் சேர்த்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் ஐம்பதாயிரத்தை எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக் கணினிக்கு இஎஸ்யு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். சேர மூன்று வழி. கணினியின் செட்டிங்ஸை மைக்ரோசாப்ட் கணக்கோடு சிங்க் செய்ய, அதாவது அதன் நகலை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள, ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் மைக்ரோசாப்டின் பிங்கில் தேடினால் சேரும் ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1000 கொடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் ஒரே தடவையாக 30 டாலர் அல்லது அதற்கு ஈடான நம் பணம், வரி தனி. ஒரு லைசென்ஸை அதே கணக்கில் பத்து கணினிகள் வரை பயன்படுத்தலாம், அதனால் அக்காவின் பழைய லேப்டாப்பையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், அட்மின் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும், குழந்தைகளுக்கான கணக்கு செல்லாது.

செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் விண்டோஸ் அப்டேட் போனால் 'என்ரோல் நவ்' என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும். அது தென்படவில்லை என்றால் பெரும்பாலும் நிலுவையில் இருக்கும் அப்டேட்டுகளைப் போடாததுதான் காரணம். ஆரம்பத்தில் சில கணினிகளில் அதைத் தட்டினால் வரும் பதிவு ஜன்னல் திறந்ததுமே மூடிக்கொண்டது, 2025 ஆகஸ்டில் வந்த கேபி5063709 அப்டேட்டில் அதைச் சரிசெய்தார்கள். எங்களுக்கு நேரம் பிடித்தது வேறு இடத்தில். அப்பா வைத்திருந்தது அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் லோக்கல் அக்கவுண்ட், மைக்ரோசாப்ட் கணக்கின் பாஸ்வேர்டு எந்த டைரியில் எழுதியது என்று அவருக்கு ஞாபகமில்லை. அதைத் தேடி எடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று, பதிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பா கேட்ட கேள்வி சரியான கேள்வி. "ஏம்ப்பா, மத்தவங்க ஜாதகமெல்லாம் இதுல இருக்கே, அதெல்லாம் மைக்ரோசாப்ட்காரங்ககிட்ட போயிடுமா?" போகத் தேவையில்லை. செட்டிங்ஸை மட்டும் சிங்க் செய்தால் போதும், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றுவதை அணைத்துவிடலாம். நான் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். அணைக்காமல் விட்டால் இலவசமாகத் தரும் 5 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், அப்புறம் இடம் வாங்கச் சொல்லித் தொந்தரவு வரும்.

கிடைப்பது என்னவென்றால், மிக முக்கியமானவை, முக்கியமானவை என்று வகைப்படுத்தப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். புதிய வசதிகள் வராது, கேள்வி கேட்டால் உதவி கிடையாது. முதல் இஎஸ்யு அப்டேட் 2025 நவம்பர் 11 அன்று வந்தது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய், நமக்குப் பெரும்பாலும் புதன்கிழமை காலையில் கண்ணில் படும். இதுவரை அப்பாவின் மென்பொருளும் பிரிண்டரும் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை.

விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிபெண்டர்தான் 2028 அக்டோபர் வரை அப்டேட் ஆகிக்கொண்டிருக்குமே, இஎஸ்யு எதற்கு என்று என் நண்பர் கேட்டார். டிபெண்டர் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி, தெரிந்த திருடன் வந்தால் பிடிப்பார். பின்கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தால் அதை மாற்றிப் போடுவது அவர் வேலை இல்லை, அது விண்டோஸ் அப்டேட்டின் வேலை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். வங்கிக் கணக்கு திறக்கிற கணினியை அந்த நிலையில் விட எனக்கு மனம் வராது.

தாராவி 90 அடி சாலையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் என் மச்சான் தன் கடைக் கணினிக்கும் இதே மாதிரி செய்துகொடு என்றார். இந்தத் திட்டம் சொந்த உபயோகத்துக்குத்தான், தொழில் செய்யும் கணினிக்குத் தனி ரேட். முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த வருடம் 122, மூன்றாவது வருடம் 244. நடுவில் சேர்ந்தாலும் விட்ட வருடத்துக்கும் கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்குக் கூட்டினால் 427 டாலர், அதில் ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் கணினியே வந்துவிடும். அவரைப் புதிதாக வாங்கத்தான் சொன்னேன். அவர் வேலைக்கு அதுதான் லாபம்.

எனக்கு இருக்கும் பெரிய வருத்தம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு செட்டிங்ஸ் சிங்க் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், நமக்கு எடுக்கவில்லை. அங்கே நுகர்வோர் அமைப்பு கேட்டது, கிடைத்தது. இங்கே பழைய கணினியை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் எவ்வளவு இருக்கின்றன! அவர்களுக்கும் அதே சலுகையைத் தந்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 11 எங்கள் டெஸ்க்டாப்பில் முறையாக ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் உறுதி இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்கிறது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. இன்னும் சேராதவர்கள் இப்போதும் சேரலாம், 2026 அக்டோபர் 13 வரை வாசல் திறந்திருக்கிறது. சேர்வதற்கு முன் முக்கியமான ஃபைல்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்பாவின் ஜாதக மென்பொருளை என் ஆபீஸ் நண்பர் வீட்டு விண்டோஸ் 11 கணினியில் போட்டுப் பார்த்தேன். கட்டம் சரியாக வருகிறது, பிரிண்ட் எடுத்தால் தமிழ் எழுத்துரு மட்டும் சிதறுகிறது. அதை என்ன செய்வது என்று பார்க்கத்தான் இந்த ஒரு வருடம் எனக்கு வேண்டியிருக்கிறது.