எச்சரிக்கை: நாயின் மூக்கில் இரத்தம் வடிந்தால் வீடு தேடி வரும் ‘வைத்தியர்’களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

48,500 ரூபா. வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து நாய்க்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொன்ன ஒரு நடமாடும் சேவைக்கு நான் இந்த வாரம் கொடுத்த தொகை இது. பெயரை எழுதப் போவதில்லை. முகநூலில் விளம்பரம் போட்டு, வட்ஸ்அப்பில் நேரம் ஒதுக்கித் தருகிற வகையினர்.

செவ்வாய் இரவு எங்கள் கறுப்பியின் இரண்டு மூக்குத் துவாரங்களிலிருந்தும் இரத்தம் வடியத் தொடங்கியது. தும்மும்போதெல்லாம் சுவரில் தெறித்தது. அழைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தவர், நாற்காலியை மறுத்துத் தரையில் அமர்ந்து, தன்னுடைய கைக்குட்டையாலேயே அவளுடைய மூக்கைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டையில்தான் நான் விழுந்தேன். பதிவு இலக்கம் என்னவென்று கேட்டிருக்க வேண்டிய நேரத்தில், அம்மாவிடம் தேநீர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். “இது வெயில் சூடுதான் அக்கா, பயப்படாதீங்க” என்றார். இரண்டு ஊசிகள், வலி நிவாரணி மாத்திரைகள், இரத்தம் ஊறுவதற்கென்று ஒரு பாணி, பரிசோதனைக்கென்று எடுத்த இரத்தம் ஆகிய எல்லாவற்றுக்குமாக 48,500 ரூபாவை அங்கேயே வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொன்னார், மாற்றினேன். காதுமடலுக்குள் கொத்தாக ஒட்டியிருந்த உண்ணிகளை அவர் விரலால் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் வந்த இரத்த அறிக்கையில் எல்லாம் சீராக இருந்தன. ஆனால் அதில் இருந்த நாய் ஆண், 3 வயது. கறுப்பி பெண், 7 வயது. கேட்டபோது முதலில் தட்டச்சுப் பிழை என்றார்கள். பிறகு டொக்டர் கண்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அடுத்த வருகைக்குக் கழிவு தருவதாகச் சொன்னார்கள். அதன் பின் நீல நிறச் சரிக் குறிகள் மட்டுமே வந்தன.

வெள்ளி இரவு மீண்டும் இரத்தம். சனி காலை வேறொரு சிகிச்சை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த மிருக வைத்தியர் அவளுடைய வெளிறிய ஈறுகளையும் வயிற்றில் இருந்த ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகளையும் பார்த்தவுடனேயே இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தார். செங்குருதிக் கலங்களுக்குள், உண்ணி கடிப்பதால் பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணி இருந்தது. உண்ணி பரப்பும் இன்னொரு நோயான எர்லிகியாவும் சேர்ந்திருப்பதாக அடுத்த பரிசோதனை காட்டியது; அது ஒட்டுண்ணியல்ல, ஒரு பக்றீரியா. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுக்கள் (platelets) ஒரு மைக்ரோலீற்றருக்கு 18,000; நலமான நாய்க்கு ஏறத்தாழ 2 இலட்சமாவது இருக்க வேண்டுமாம்.

மூக்கிலிருந்து ஏன் வடிகிறது என்பதை அவர் விளக்கியபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. நோயை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தன் சிறுதட்டுக்களையே அழிக்கிறது, வீங்கிய மண்ணீரல் அவற்றைத் தேக்கி வைத்துக்கொள்கிறது, எஞ்சியவையும் சரியாக ஒட்டுவதில்லை, நுண்ணிய குருதிக் கலன்களின் சுவர் அழற்சியால் நலிகிறது. எர்லிகியா நாட்பட்டால் குருதியில் புரதம் மிகுந்து அது தடித்துப்போகவும் கூடும். மூக்கின் உட்தோல் மெல்லியது, அதன் கீழ் குருதிக் கலன்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே அங்கே முதலில் கசிகிறது. இதில் வெயில் எங்கே வந்தது? போதாக்குறைக்கு, அந்த 48,500 ரூபாவுக்குள் அடங்கிய வலி நிவாரணி, மிஞ்சியிருந்த சிறுதட்டுக்களையும் செயலிழக்கச் செய்யும் வகையைச் சேர்ந்தது. நான் என் கையாலேயே மூன்று நாள் அதைக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது எர்லிகியாவுக்கு 28 நாள் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, பபேசியாவுக்குத் தனியாக வேறு மருந்துகள். இன்று காலை முதல் இரத்தம் வடியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. இரத்தம் வடியும் நாயை அலையவிடாமல் படுக்கவைத்து, மூக்கின் மேற்புறத்தில் குளிர் ஒத்தடம் கொடுங்கள்; மனிதருக்குரிய மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரு துவாரத்தில் மட்டும் வடிந்தால் உள்ளே சிக்கிய பொருளோ கட்டியோ காரணமாக இருக்கலாம், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறுதட்டு எண்ணிக்கையைப் பார்க்காமல் சூடு என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அறிக்கையில் உங்கள் நாயின் வயதும், ஆணா பெண்ணா என்பதும் சரியா என்று பார்க்கும் வரை பணத்தை மாற்றாதீர்கள். நுகர்வோர் முறைப்பாட்டுக்கான 1977 இலக்கத்துக்கு நான் திங்கட்கிழமை அழைக்கிறேன்; 48,500 ரூபா மாற்றிய வங்கிப் பற்றுச்சீட்டும் அந்த மூன்று வயது ஆண் நாயின் அறிக்கையும் என்னிடம் இருக்கின்றன.