எக்ஸோஸ் மாற்றப் போகிறீர்களா? பழைய குழாயைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் என்னிடம் 1,050 வெள்ளி வாங்கிக்கொண்டு, வண்டியின் இழுவையைக் குறைத்து, இரைச்சலை மட்டும் கூட்டி அனுப்பினார்கள். கம்பெனியிலிருந்து வந்த பழைய எக்ஸோஸையும் (புகைபோக்கிக் குழாயையும்) திருப்பித் தரவில்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பினாங்கில் நம் பிள்ளைகள் பலர் முதல் சம்பளம் வந்தவுடன் வண்டியில் கைவைக்கும் இடம் எக்ஸோஸ்தான். அவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும்.

எனக்கு பாலிக் பூலாவில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. 150 சிசி கப்சாயில் (சிறிய ரக மோட்டார் சைக்கிளில்) ஜாலான் துன் சார்டோன் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறேன். பல நாள் மனைவியும் பின்னால் இருப்பார். அந்த ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதல் இழுவை வேண்டும் என்பதுதான் என் தேவை. பினாங்குப் பாலத்தில் 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. அதனால் தீவிலிருந்து பலரும் விலை மலிவென்று அக்கரைக் கடைகளுக்குப் போகிறோம். அப்படித்தான் நானும் போனேன்.

கடைக்காரரிடம் தெளிவாகவே சொன்னேன்: "சத்தம் வேண்டாம். அதிகாலையில் குடியிருப்புக்குள் வண்டியை எடுப்பவன் நான். மேட்டில் மூன்றாவது கியரில் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்." அதற்கு அவர், "அண்ணே, இது அசல் டைட்டானியம். பத்து விழுக்காடு குதிரைத்திறன் கூடும், நான் உறுதி. சத்தம் கம்பெனிக் குழாய் மாதிரியே இருக்கும்" என்றார். இதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி, டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரத்தில்) எடுத்த ஒரு வரைபடத்தையும் அனுப்பினார். எக்ஸோஸுக்கு 850 வெள்ளி, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) டியூனிங்கிற்கு 200 வெள்ளி.

மாற்றிய பிறகு மலைப்பாதையில் வண்டி திணறியது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வளைவுகளில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டினால்தான் உயிர் வந்தது. அந்தப் பாதையில் மனைவியை வைத்துக்கொண்டு யார் 8,000 சுற்றில் போவார்கள்? திராட்டலை விட்டால் பட்பட்டென்று வெடித்தது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அம்மா, கைக்குழந்தை தூக்கத்தில் பதறி எழுகிறது என்று என் மனைவியிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

திரும்பக் கடைக்குப் போனால், "புதுக் குழாய், செட்டாக நாளாகும் அண்ணே" என்றார்கள். அடுத்த முறை, என் எஞ்சினே பலவீனம் என்றார்கள். சரி, பழையதைக் கொடுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றபோது, "பழைய இரும்பில் போட்டுவிட்டோம்" என்று பதில் வந்தது.

பட்டர்வொர்த்தில் வயதான மெக்கானிக் ஒருவர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். முதலில் காந்தத்தை வைத்தார், ஒட்டியது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. இரும்பின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான் டைட்டானியத்துக்கு இருக்கும். என் கையில் இருந்த குழாயோ கனத்தது. நுனியில் மின்னிய அந்த நீலம் வெறும் சாயம். உள்ளே தடுப்பறைகள் எதுவும் இல்லை. துளையிட்ட ஒரு குழல், அதைச் சுற்றிப் பேருக்குக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. ஆக்ஸிஜன் சென்சாரைப் பொருத்துவதற்கான துளையே இல்லாததால், சென்சாரைச் சட்டகத்தில் டேப் போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். விளக்கு எரிந்ததற்குக் காரணம் அதுதான். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்துப் பெட்ரோல் அளவைத் திருத்தும் சென்சார் அது. அது வெளிக்காற்றில் தொங்கினால் ஈசியு எதை வைத்துத் திருத்தும்? டியூனிங் செய்ததாகச் சொன்னார்களே, அதன் கோப்பைக் கொடுங்கள் என்று பிறகு கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

இழுவை ஏன் போனது என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது புகை மட்டும் வெளியே வருவதில்லை. ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. சூடான புகையில் அந்த அலை நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. குழாய் அகலமாகத் திறக்கும் இடத்தில் அது தாழ்வழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. புகையை வெளியே விடும் வால்வும் கலவையை உள்ளே விடும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தக் கணநேரத்தில் அது வந்து சேர்ந்தால், எஞ்சியிருக்கும் புகையை உறிஞ்சி, புதுக் கலவை உள்ளே வர வழிவிடுகிறது. எந்தச் சுற்றில் இது சரியாக அமையும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. எனக்கு மாட்டியது குட்டையான, அகலமான குழாய். அகலம் கூடினால் குறைந்த சுற்றில் புகையின் வேகம் விழுகிறது. நீளம் குறைந்தால் அலையின் உதவி மிக உயர்ந்த சுற்றுக்குத் தள்ளிப்போகிறது. பந்தயத் திடலில் எப்போதும் உச்சச் சுற்றில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். மலையேறும் குடும்ப வண்டிக்கு, இருக்கும் முறுக்குவிசையை, அதாவது இழுவையை, பறிக்கும் வேலை அது. "எக்ஸோஸில் அடைப்பு இருந்தால்தான் இழுவை வரும்" என்று சிலர் சொல்வதும் தவறு. அடைப்பு எந்த எஞ்சினுக்கும் நல்லதல்ல. புகையின் வேகமும் அலை திரும்பும் நேரமும்தான் முக்கியம்.

சத்தம் கூடினால் சக்தி கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. இந்த வியாபாரமே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். ஆனால் அத்தனை இரைச்சலிலும் ஒலியாக வெளியேறும் ஆற்றல் மிகச் சொற்பம். அதை அடக்குவதாலோ அவிழ்த்துவிடுவதாலோ சக்கரத்துக்கு எதுவும் வந்துவிடாது.

கடைக்காரர் அனுப்பிய டைனோ வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். கோடு 7,000 சுற்றில்தான் தொடங்கியது. அதற்குக் கீழே இருந்த பாதியை வெட்டி எறிந்திருந்தார்கள். வண்டி எண் இல்லை. தேதியோ, நான் அந்தக் கடைக்குள் கால் வைப்பதற்கும் முந்தியது. ஆகவே யாராவது குதிரைத்திறன் கூடும் என்று சொன்னால், உங்கள் சொந்த வண்டியை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அதே டைனோவில் ஏற்றி, 3,000 சுற்றிலிருந்து முறுக்குவிசைக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய குழாய் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி எக்ஸோஸுக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். பழைய பொருள் வாங்குபவர்கள் அதைத் தனியாக விலை பேசி எடுக்கிறார்கள். அது குப்பையில் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. நல்ல நிலையில் இருந்தால் அப்படியே இன்னொருவருக்கு விற்கவும் முடியும். அது உங்கள் சொத்து; கழற்றிய கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சாலைத் தடுப்பில் ஜேபிஜேயோ (சாலைப் போக்குவரத்துத் துறை) போலீஸோ பிடித்தால், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அந்தக் குழாய்தான் வேண்டும். வாகன இரைச்சலுக்கு 1987 முதலே சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் தனி விதிமுறைகள் இருக்கின்றன. அபராதம் கட்டப்போவது நீங்கள், கடைக்காரர் அல்ல.

இப்போது புதுக் கம்பெனிக் குழாய் வாங்கி மாட்டிவிட்டேன். விளக்கு அணைந்தது, மலைப்பாதையில் மூன்றாவது கியர் திரும்ப வந்தது. செலவுத் தொகையையும் கொடுத்த பணத்தையும் சேர்த்து, 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரியிருக்கிறேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை என்பதால் கடைக்காரர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கழற்றிய குழாயின் படங்கள், மெக்கானிக் எழுதிக்கொடுத்த குறிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். செபராங் பிறையில் உங்களுக்கும் இதே போல நடந்திருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், நடுவர் மன்றத்தில் கோருவதற்கான முதலாம் படிவத்தை நிரப்ப நான் உதவுகிறேன்.