கடைப் பேர் சோப்பா, கம்பெனி சோப்பா? தருமபுரித் தண்ணீரில் பார்த்த கணக்கு

பென்னாகரம், பாலக்கோடு, மொரப்பூர் பக்கம் ஒரே சோப்பை இரண்டு வீட்டில் கொடுத்துப் பாருங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீட்டில் பொங்கி நுரைக்கும். போர் தண்ணீர் மட்டும் உள்ள வீட்டில் தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் திப்பியாகத் திரளும். சூப்பர் மார்க்கெட்காரர்கள் தங்கள் பேர் போட்டு விற்கும் சோப்பை மட்டம் என்று திட்டுகிறவர்கள் பல சமயம் திட்ட வேண்டியது தண்ணீரைத்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில், கடினத்தன்மையை லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அவ்வளவு கடினமான தண்ணீர் ஒரு லிட்டர் இருந்தால், ஏறக்குறைய மூன்றரை கிராம் சோப்பை நுரைக்கும் முன்பே விழுங்கிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுகின்றன. பக்கெட் ஓரத்திலும் டைல்ஸிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டுவது அதுதான். அதனால் ஒரு சொம்புத் தண்ணீரில் உடம்பை நனைத்து, வழித்துவிட்டு, அதன்பின் சோப்புப் போட்டால் கட்டி கூடுதல் நாள் வரும். எந்தப் பேர் போட்ட சோப்புக்கும் இது பொருந்தும்.

இனி அட்டையைத் திருப்புங்கள். டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள், அதாவது சோப்பின் அசல் சரக்கு, எவ்வளவு என்பது அதன் அர்த்தம். ஐ.எஸ். 2888 என்ற இந்தியத் தரப்படி குளியல் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் அது வேறு தரம், 40 இருந்தாலே போதும். கடைப் பேர் சோப்புகளில் பேதிங் பார் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் பெரிய கம்பெனிகளும் அதே பெயரில் விற்கின்றன, எனவே பேரைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். டவ் போன்றவை பேதிங் பாராக இருந்தாலும் சாதாரண சோப்பு அல்ல. செயற்கை நுரைப்பொருளால் ஆனவை. போர் தண்ணீரில் திப்பி கட்டாமல் நுரைப்பது அதனால்தான். விலைதான் கடிக்கும்.

கணக்குக்காக மூன்று விலை வைத்துக்கொள்வோம், எல்லாமே 100 கிராம் கட்டி. 76 சதவீதச் சோப்பு 30 ரூபாய், 60 சதவீதச் சோப்பு 22, 50 சதவீத பேதிங் பார் 20. கொழுப்புப் பொருள் ஒரு கிராமுக்கு முறையே 39, 37, 40 பைசா ஆகிறது. பத்து ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்து வாங்கிய கட்டிதான் மூன்றிலும் விலை அதிகம்! போதாததற்கு அது சோப்புப் பெட்டியில் சீக்கிரம் கொழகொழத்துப் போகும். பாதியாக வெட்டி, ஓட்டை உள்ள பெட்டியில் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

விலையை ஒப்பிடும்போது எம்.ஆர்.பி.யைப் பார்க்காதீர்கள். கடைப் பேர் சரக்கில் அந்த எண் பெரும்பாலும் அடித்துக் காட்டுவதற்கென்றே போட்டது. பில்லில் வரும் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கட்டி, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. அதற்கு முன் எழுதி வைத்த ஒப்பீடு எதுவும் இப்போது உதவாது.

“ரெண்டும் ஒரே ஃபேக்டரி சரக்குதான் சார்” என்று கடையில் சொல்வார்கள். இருக்கலாம். ‘தயாரிப்பவர்’, ‘விற்பனை செய்பவர்’ என்று இரண்டு முகவரி இருந்தால், செய்து கொடுப்பவர் வேறு ஆள். ஆனால் ஒப்பந்தத் தொழிற்சாலை ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட கலவையைத்தான் ஊற்றித் தரும். பார்க்க வேண்டியது சேர்மானப் பட்டியலின் முதல் நான்கைந்து பெயர்களை. அதிகம் உள்ளது முதலில் வரும். ஷாம்புவில் தண்ணீருக்கு அடுத்து இரண்டிலும் சோடியம் லாரெத் சல்பேட் (அழுக்கெடுக்கும் நுரைப்பொருள்) என்றிருந்தால் அழுக்கு எடுப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. வாசனையும் வழவழப்பும்தான் மாறும். போர் தண்ணீரில் ஷாம்பு திப்பி கட்டாது. முடி வறண்டு முரடாவது தண்ணீரின் உப்பால். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு ஒகேனக்கல் தண்ணீர் எடுத்து வையுங்கள்.

பற்பசையில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பற்பசையில் 1000 பி.பி.எம். வரை அனுமதி. அதாவது ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவு பசையில் சுமார் கால் மில்லிகிராம். துப்பத் தெரிந்தவருக்கு இது பொருட்டல்ல, விழுங்கும் பிள்ளைக்குத்தான் போர் தண்ணீரில் வருவதோடு இதுவும் சேரும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு போதும். போர் தண்ணீரையே குடிக்கும் வீடென்றால், ஃப்ளூரைடு இல்லாத பசையா என்று பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூரைடால் பல்லில் ஏற்கெனவே ஏறிய பழுப்புக் கறை பல் உருவாகும்போதே உள்ளே அமைந்தது. ‘வைட்டனிங்’ பசை கடையுடையதானாலும் கம்பெனியுடையதானாலும் அதை எடுக்காது.

தேங்காய் எண்ணெயில் கடைப் பேர் தாராளமாக வாங்கலாம், ‘சமையல் எண்ணெய்’ என்றும் உணவு உரிம எண்ணும் அட்டையில் இருந்தால். ‘ஹேர் ஆயில்’ என்று மட்டும் இருந்தால் சேர்மானத்தில் லிக்விட் பாரஃபின் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) இருக்கிறதா பாருங்கள். ஓசூர், தளி மார்கழிக் குளிரே ஒரு சோதனைதான்: 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய வேண்டும். விடியற்காலையில் உறையாமல் கிடந்தால் சந்தேகப்படுங்கள். உறைந்துவிட்டால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது, பாமாயில் கொட்டை எண்ணெயும் உறையும்.

காது குச்சி, பஞ்சு, ஹேண்ட்வாஷ் ரீஃபில் எல்லாம் யோசிக்காமல் கடைப் பேரே. நாப்கினில் மட்டும் சிறிய பாக்கெட் ஒன்று வாங்கி ஒரு மாதம் பாருங்கள். தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது ஏமாற்றும். ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டியானது, மெதுவாகத்தான் இறங்கும். விலை குறைந்ததில் முதலில் கைவிடுவது உறிஞ்சும் பஞ்சல்ல, சிறகின் பசை. சித்திரை வெயிலில் பஸ்ஸில் அரூர் போய் இறங்குவதற்குள் அது மடங்கிக்கொண்டதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.